ஐந்தடி ஒன்பது

“சபையில எவன்டா ஆளை நிறுத்தி டேப்பு வெச்சு அளக்கறான்…” எங்கள் பெரியப்பா இப்படித்தான் ஆரம்பிப்பார். அதற்கு ஒரு மறுபாதி உண்டு. என்னவோ வரும், இப்போது நினைவில்லை. இருபத்திரண்டு வருஷமாக முன்பாதியை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டேன்.

உட்காருங்கள். அதில் வேண்டாம், அது ஆடும். இதில் உட்காருங்கள். பொள்ளாச்சியிலிருந்து பஸ் மாறி வடவள்ளி வரை வந்திருக்கிறீர்கள், சைக்கிளைப் பார்த்தோம் கிளம்பினோம் என்று போக விடுவேனா? காபி வருகிறது.

நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. விற்பனை விளம்பரம் பார்த்துவிட்டு உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் வந்தார்கள். டயரை அமுக்கினார்கள், பிரேக்கைப் பிடித்தார்கள், ஒருவர் ‘மணி வராதுங்களா?’ என்று கேட்டார். சீட்டைப் பார்த்தது நீங்கள் ஒருவர்தான். பெரிய வண்டி என்னுடையது, அதில் சீட் அடிவரைக்கும் இறங்கிக் கிடக்கிறது. சின்ன வண்டி என் மனைவியுடையது, அதில் சீட் குழாய் எச்சரிக்கைக் கோட்டையும் தாண்டி மேலே நிற்கிறது. இது எப்படி என்று கேட்டீர்கள்.

சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. உங்கள் உயரம் என்ன?

ஐந்தடி பத்தா? அளந்ததா, சொல்வதா? கோபித்துக்கொள்ளாதீர்கள். மலைச் சைக்கிள் வாங்குகிறவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஃபிரேம் சைஸ் உயரத்தை வைத்துத்தான். உயரம் தப்பென்றால் ஃபிரேம் தப்பு, ஃபிரேம் தப்பென்றால் கழுத்திலிருந்து கணுக்கால் வரை எல்லாம் தப்பு. சமதரையில் தெரியாது. மேட்டில் தெரியும். நான் பதினெட்டு வருஷம் நெதர்லாந்தில் இருந்தவன், ஐந்தோவன் என்ற ஊர். அங்கே சைக்கிள் ஓட்டாதவனை ஆளாகவே மதிக்க மாட்டார்கள். ஆனால் அங்கே மேடு என்றால் பாலம்தான். பாலத்தில் எந்த வண்டியும் ஏறிவிடும்.

நான் ஐந்தடி ஒன்பது.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? உட்கார்ந்திருப்பதால் தெரியாது.

கல்யாணத்துக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது நாச்சிமுத்துப் பெரியப்பாதான் என் ஜாதகத்தோடு வைக்கிற விவரத்தாளை எழுதினார். பெயர் யுவராஜ், வயது இருபத்தாறு, படிப்பு, வேலை எல்லாம் எழுதிவிட்டு உயரத்துக்கு வந்தார். ‘அஞ்சடி ஆறு அங்குலம், கொஞ்சம் மேலே’ என்றேன். ‘கொஞ்சம் மேலன்னா ஒன்பதுன்னு போடலாமா?’ என்றார். ‘மூணு அங்குலம் எப்படி பெரியப்பா கொஞ்சமாகும்?’ என்றேன். அப்போதுதான் அதைச் சொன்னார், சபையில எவன்டா என்று. போட்டுவிட்டார். முத்து முத்தான கையெழுத்து. அப்படி அழகாக எழுதியதைத் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெண் வீட்டிலிருந்தும் தாள் வந்தது. கோகிலவாணி, எம்.எஸ்ஸி., ஐந்தடி நான்கு. பெரியப்பா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ‘அஞ்சு அங்குலம் வித்தியாசம், ஜோடி கச்சிதம்’ என்றார். அப்படித்தான் எங்கள் கல்யாணம் நடந்தது. போட்டோக்காரர் மட்டும், ‘மாப்ள ஒரு படி மேல நில்லுங்க, வெளிச்சம் பத்தல’ என்றார். நின்றேன். அந்தக் காலத்தில் விளக்கெல்லாம் இவ்வளவு நல்லதாக இல்லையே.

ஐந்தோவனில் கம்பெனி டாக்டர் என்னை அளந்து நூற்று அறுபத்தொன்பது என்று எழுதினார். அது சென்டிமீட்டர். அங்கே நான் நூற்று அறுபத்தொன்பது, இங்கே நான் ஐந்தடி ஒன்பது. இரண்டுமே ஒன்பதில்தான் முடிகிறது. நான் இன்ஜினியர், மாற்றிப் பார்க்கத் தெரியாதவன் இல்லை. ஆனால் எதற்காக மாற்ற வேண்டும்? அந்த ஊர்க் கணக்கு அந்த ஊரில், இந்த ஊர்க் கணக்கு இந்த ஊரில். வாணிக்கும் அளந்தார்கள். அவள் தாளை நான் பார்க்கவில்லை. அடுத்தவருடைய மருத்துவத் தாளைப் பார்ப்பது அந்த ஊரில் நாகரிகமில்லை.

வாணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் பக்கத்தில் நின்றால் அவளுக்கு ஒரு கூன் விழும். தோளைக் குறுக்கி, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்பாள். முதுகுவலியோ என்று நினைத்து ஊருக்கு வந்ததும் டாக்டரிடம் கூட்டிப் போனேன். படம் எடுத்துப் பார்த்து முதுகில் ஒன்றுமில்லை என்றார். ஐந்தோவனில் இந்தக் கூன் இல்லை. அங்கே இருக்கிற பெண்களெல்லாம் தென்னைமர உயரம், அவர்களுக்கு நடுவே நிமிர்ந்துதான் நடந்தாள். கடையில் பழைய வண்டி ஒன்று எடுத்தாள், எனக்குக் கால் எட்டாத வண்டி. அதில் ராணி மாதிரி போவாள். ஊர் வந்தபிறகுதான் கூன் வந்தது. தண்ணீர் மாறியதால் இருக்கலாம். சில சமயம் அவள் என்னைவிட உயரமாகத் தெரிவதுண்டு, நீங்களே பார்ப்பீர்கள். அது அவள் போடுகிற கொண்டையால்.

இரண்டு வருஷமாயிற்று வந்து. மகள் படிப்புக்காக அங்கேயே தங்கிவிட்டாள். இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர். நான் கணினி முன்னால், அவள் அடுக்களையில். ‘சாப்பிட வரீங்களா’, ‘கேஸ் புக் பண்ணீட்டீங்களா’, அவ்வளவுதான் நாளெல்லாம் பேச்சு. ஒருநாள் அவளே, ‘மருதமலைக்குப் பின்னால மண்பாதை போகுதாமுங்க, சைக்கிள்ல போலாமா?’ என்றாள். எனக்கு ஆச்சரியம். மறுநாளே கடைக்குப் போனோம்.

கடைக்காரர் இர்ஷாத். முப்பத்தைந்து வயதிருக்கும், மெதுவாகப் பேசுகிற மனுஷன். சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியிருந்தார். ஐந்தடி நான்குக்குள் ஸ்மால். ஐந்தடி ஐந்திலிருந்து எட்டு வரை மீடியம். அதற்கு மேலே ஆறடி வரை லார்ஜ். பக்கத்திலேயே சென்டிமீட்டரிலும் போட்டிருந்தது. அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை, கண்ணாடி கொண்டுபோகவில்லை.

‘சார், செருப்பைக் கழட்டிட்டு அந்தச் சுவரோட நில்லுங்க’ என்றார். கையில் ஒரு தடி அட்டைப் புத்தகம். கால் இடுக்கில் அதை நெட்டுக்குத்தாகப் பிடித்து, புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளப்பார்களாம். ‘மொத்த உயரத்தைவிட கால் நீளம் முக்கியங்க சார். வண்டிக்கு ரெண்டு பக்கமும் கால் ஊனி நின்னா பாருக்கும் உங்களுக்கும் நடுவுல மூணு விரக்கடையாவது இடம் வேணும்.’

‘அதெல்லாம் வேண்டாம், நான் ஐந்தடி ஒன்பது’ என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அட்டவணையைப் பார்த்தார். ‘அஞ்சு ஒன்பதுங்களா?’

‘ஐந்து ஒன்பது.’

‘சரிங்க சார். லார்ஜ்.’ அப்புறம் வாணியிடம் திரும்பினார். ‘அக்கா, நீங்க நிக்கறீங்களா?’

‘வேண்டாங்க தம்பி, அஞ்சு நாலுன்னு போட்டுக்குங்க’ என்றாள் இவள்.

இர்ஷாத் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். ‘அக்கா, ஸ்மால் ஸ்டாக் இல்லீங்க. மீடியம் எடுத்துக்குங்களேன்’ என்றார். அவர் தலைக்குப் பின்னாலேயே இரண்டு ஸ்மால் தொங்கிக்கொண்டிருந்தன! நான் ஊர் உலகம் பார்த்தவன், எனக்குத் தெரியாதா? விற்காத சரக்கைத் தள்ளிவிடுகிறார் என்று அப்போதே புரிந்துவிட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். கிளம்பும்போது, ‘அக்கா, சும்மா ஒரு தடவை சாரோட வண்டியில ஏறிப் பாருங்களேன்’ என்றார். ‘அது அவரோடதுங்க தம்பி’ என்றாள் வாணி. அந்த இடத்தில் எனக்கு அவளை ரொம்பப் பிடித்தது.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்புவோம். இதை எப்படிச் சொல்வது… வீட்டில் பேசாத வாணி வண்டியில் ஏறினால் ஓய மாட்டாள். மயிலைப் பற்றி, அவள் கல்லூரி ஹாஸ்டலைப் பற்றி, மகளைப் பற்றி. எனக்கு முன்னால் போய்க்கொண்டே, தலையைத் திருப்பாமல் பேசுவாள். பாதி காற்றில் போகும். மீதிப் பாதிக்கே நான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

ஆனால் எனக்குக் கை மரத்துப்போகும். ஹேண்டில் எட்டாத தூரத்தில் இருக்கிற மாதிரி, கயிற்றுக் கொடியில் துணி காயப்போட்ட மாதிரி கிடப்பேன். இர்ஷாத்திடம் போய் ஹேண்டிலின் கழுத்தைக் குட்டையாக மாற்றினேன். சீட்டை முன்னால் தள்ளினேன். ஜெல் வைத்த கையுறை, பஞ்சு வைத்த டிரவுசர், அகலப் பெடல் என்று எல்லாம் மாற்றினேன். ‘இனி என்ன மாத்தலாம்?’ என்று கேட்டால் இர்ஷாத் அந்த அட்டைப் புத்தகத்தைத் தூசு தட்டுவார்.

வாணிக்கு வேறு மாதிரி. முழங்கால். மீடியம் வண்டியில் அவள் மிதிக்கும்போது முட்டி ஹேண்டில்வரை வரும். நாலு மாதத்தில் வலி வந்துவிட்டது. அவள் சீட் இருக்கிறதே, அதற்கு ஒரு குணம். வாரம் ஒருமுறை நான் அதைக் கோட்டுக்குள் இறக்கி, லீவரை இறுக்கி வைப்பேன். கோட்டுக்கு மேலே போனால் குழாய் முறிந்துவிடும், ஆபத்து. அடுத்த வாரம் பார்த்தால் மறுபடி மேலே நிற்கும். இர்ஷாத்திடம் லீவர் சரியில்லை என்று சண்டை போட்டேன். அவர் ரொம்ப மரியாதையாக, ‘சார், சீட் தானா இறங்கிப் பார்த்திருக்கேன். தானா ஏறி நான் பார்த்ததில்லீங்க’ என்றார். கடைக்காரர்கள் பேச்சை நம்பக்கூடாது.

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அது நடந்தது. மலைக்குப் பின்னால், வாய்க்கால் ஏறுகிற மேட்டில் ஆடுகள் குறுக்கே வந்துவிட்டன. வாணி சட்டென்று காலை ஊன்றி நின்றாள். நானும் நின்றேன். நான் நின்றேன், கால் தரைக்குப் போய்ச் சேரவில்லை. பார் வந்து எங்கே இடிக்குமோ அங்கே இடித்தது. வண்டியும் நானும் ஆட்டுக்கூட்டத்துக்குள் சாய்ந்தோம். ஒரு கிடாய் என்னை முகர்ந்து பார்த்தது.

ஆட்டுக்காரம்மா ஓடிவந்து தூக்கிவிட்டாள். என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். ‘ஏனுங்ண்ணா, பெரியவரு வண்டிய எடுத்துட்டு வந்துட்டீங்களா?’ என்றாள். அதோடு விட்டிருக்கலாம். திரும்பி வாணியைப் பார்த்து, ‘அக்கா, உங்க வண்டி அவருகிட்ட, அவரு வண்டி உங்ககிட்டயாட்டம் இருக்குது. மாறி ஏறிட்டீங்களாக்கும்!’ என்றாள். சைக்கிளில் ஏறியே இராத பொம்பளை!

வாணி சிரித்தாள். என்ன சிரிப்பு தெரியுமா? வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

நான் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தேன். அன்றைக்கே இரண்டு வண்டியையும் விளம்பரத்தில் போட்டேன். கோபமெல்லாம் இல்லை. அவள் முழங்கால் டாக்டரும் இப்படியே போனால் சைக்கிளை விட்டுவிட வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார். அவள் நன்மைக்காகத்தான். ‘ரெண்டையும் வித்துடலாம்’ என்றேன். ‘சரிங்க’ என்றாள். அப்புறம் மூன்று ஞாயிறு வந்து போய்விட்டது. ஆறு மணிக்கு எழுந்துவிடுகிறோம் இரண்டு பேரும். எழுந்து, இங்கே, ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அது அவள் இடம்.

இதோ காபி. வாணி, இவர்தான் பொள்ளாச்சியிலிருந்து. பெரிய வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். சின்னதை அவர் சம்சாரத்துக்குக் கேட்டுச் சொல்கிறாராம்.

என்ன வாணி?

கேட்டீர்களா? கிளம்புவதற்கு முன்னால் பெரிய வண்டியில் தெருமுனை வரை ஒரு ரவுண்டு போய் வரட்டுமா என்று உங்களிடம் உத்தரவு கேட்கிறாள். என்னிடம் கேட்கவில்லை, உங்களிடம். வண்டி இனி உங்களுடையதாம். கொடுத்துவிடுங்கள், பாவம், ஆசைப்படுகிறாள்.

நீங்கள் எழுந்து வழிவிட்டீர்களே, உங்கள் பக்கத்தில் அவள் எப்படி நின்றாள் பார்த்தீர்களா? நேராக. என்னைத் தாண்டும்போது பாருங்கள்… பார்த்தீர்களா? தோள் உள்ளே போயிற்று, கழுத்து சாய்ந்தது. நான் இன்றைக்குத்தான் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கிறேன்.

சீட்டை ஏற்றப் போகிறாள். வாணி, அந்த லீவர் கொஞ்சம் இறுக்கம், நான் வந்து…

ஒரே விரலில் தட்டிவிட்டாளே. ஏற்றி, ஒரே இடத்தில் நிறுத்திவிட்டாள். கண்ணால்கூடப் பார்க்கவில்லை. சார், கொஞ்சம் குனிந்து பாருங்கள், அந்தக் குழாயில் ஒரு கீறல் தெரிகிறதா, மோதிரம் போட்ட மாதிரி வட்டமாக? சரியாக அதில்தான் நிற்கிறது. குழாயைக் கழற்றித் துடைக்கும்போது நான் அந்தக் கீறலைப் பல தடவை பார்த்திருக்கிறேன். கம்பெனிக்காரன் போட்டது என்று நினைத்திருந்தேன். ஒரே உயரத்தில் நூறு தடவை ஏற்றி இறக்கினால்தான் அப்படிக் கீறல் விழும்.

போகிறாள். முழங்கால் எப்படி நீள்கிறது பாருங்கள், கடைசிவரை, மடங்காமல். முதுகு எப்படி இருக்கிறது! ஐந்தோவனில் இப்படித்தான் போவாள். தண்ணீர் மாறியதால் என்று நினைத்தேனே நான்.

‘சபையில எவன்டா ஆளை நிறுத்தி டேப்பு வெச்சு அளக்கறான். கட்டிக்கறவ பக்கத்துல வந்து நின்னா அவளுக்கே தெரிஞ்சிரும், நீ சும்மா இரு.’ இதுதான். இதுதான் பெரியப்பா சொன்னது. மறுபாதி இப்போது வருகிறது பாருங்கள்.

வந்துவிட்டாள். வாணி, இறங்காதே. அப்படியே நில். எத்தனை நாளாக?

“எதுங்க?”

இந்தக் கீறல்.

“ஆவணியிலிருந்துங்க. நீங்க மதியம் படுத்தா நாலு மணிக்கு முன்னால எந்திரிக்க மாட்டீங்கல்ல. இந்த வண்டியில போனா முட்டி வலிக்கறதில்லீங்க.”

என் உயரம் உனக்குத் தெரியுமா?

“பொண்ணு பார்க்க வந்தன்னிக்கே தெரியுமுங்க. காபி வாங்க எந்திரிச்சீங்கல்ல. எனக்கு ரெண்டு இடம், பொண்ணு பனைமரமாட்டம் இருக்கறாள்னு தட்டிப் போச்சு, அதனால எங்கப்பா தாள்ல என்னைக் கொறைச்சாரு. உங்க பெரியப்பா உங்களைக் கூட்டுனாரு. நடுவுல நாம என்ன சொல்றதுங்க?”

நீ எவ்வளவு?

“அஞ்சு எட்டரைங்க. நிமிந்து நின்னா.”

நிமிர்ந்து நில்.

சார், இர்ஷாத் வைத்திருந்த மாதிரி ஒரு தடி அட்டைப் புத்தகம் அலமாரியில் மேலே இருக்கிறது, உங்களுக்கு எட்டும், கொஞ்சம் எடுங்கள். டேப் இதோ என் மேசையில் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டேன். புத்தகத்தை என் தலைமேல் வைத்து அளந்து பாருங்கள். உரக்கச் சொல்லுங்கள், அவளுக்கும் கேட்கட்டும்.

ஐந்தடி ஆறரை.

பெரிய வண்டி வாணிக்கு. சின்னது எனக்கு. சீட்டைக் கோட்டுக்குக் கீழே இறக்கிக்கொள்கிறேன். இரண்டும் விற்பனைக்கு இல்லை.